அடுத்த படகுக்காரரே ஆசிரியர்!

புதுச்சேரிப் பகுதியின் கடற்கரை மொத்தமே சுமார் 24 கிலோமீட்டர்தான். அதன் வடகோடியில், காலாப்பட்டையும் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டினாற்போல் இருக்கிறது கனகசெட்டிக்குளம். இன்னும் சிறிது தூரம் போனால் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்ட காலத்தில், இந்தக் கரையிலிருந்து கடலுக்குப் போனவர்களுக்குத் துணை கட்டுமரமும் பாயும் துடுப்பும். வழி காட்டியவை நட்சத்திரமும் காற்றும், கரையில் தெரியும் பனைமரமும். இன்றைக்கு இந்தக் கரையோரம் முழுவதும் ஃபைபர் படகு. அதன் பின்புறத்தில் இன்ஜின். படகுக்காரரின் மடியில், பாலிதீன் உறைக்குள் பத்திரமாக ஒரு கைப்பேசி.

அந்தக் கைப்பேசிக்குள்தான் எத்தனை சங்கதிகள்! அலை எத்தனை மீட்டர் உயரம் எழும், காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வீசும், மீன் எந்தப் பக்கம் கூடியிருக்கக்கூடும், படகு இப்போது எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அதில் தெரிகிறது. இப்படிப்பட்ட மென்பொருளுக்குப் பத்திரிகைகள் ‘செயலி’ என்று பெயர் வைத்திருக்கின்றன. கரையில் அதற்குப் பெயர் ‘ஆப்பு’. ‘ஆப்பு வெச்சிருக்கியா?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதைப் புதிதாக வந்தவர் கேட்டால், சண்டை போடுகிறார்கள் என்றுதான் நினைப்பார்!

வேடிக்கை இருக்கட்டும். இந்தப் புது வித்தையை இவர்கள் எங்கே கற்றார்கள்? கையேட்டைப் படித்துக் கற்றவர்கள் மிகச் சிலர். பயிற்சி முகாமில் உட்கார்ந்து முழுவதும் கற்றவர்களும் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். அடுத்த படகுக்காரரிடம் கேட்டுக் கற்றவர்கள்தாம் பெரும்பாலோர். மச்சானிடம், சித்தப்பா மகனிடம், கல்லூரிக்குப் போகும் பெண்ணிடம் கேட்டிருப்பார்கள். கேட்டதைக் கடலில் சோதித்துப் பார்த்து, தப்பானதைத் தள்ளி, சரியானதை இன்னொருவருக்குச் சொல்லியிருப்பார்கள். இதை ஏதோ படிப்பில்லாதவர்களின் குறுக்கு வழி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நினைப்பது பெரும் பிழை. புதிய மென்பொருளைக் கற்பதற்கு இதைவிட உறுதியான வழி கிடையாது. அந்த வழியைச் சீராக்கிக் கொடுப்பதற்குப் பதிலாக, அதைக் கண்ணெடுத்தும் பாராமல் திட்டம் போடுவதுதான் இப்போதைய குறை.

கையேடு சொல்லாதது

ஒரே ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கடலில் ஓர் இடத்தைக் குறிப்பதற்கு அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் உண்டு. புதுச்சேரி நகருக்கு நேர் கிழக்கே ஓர் இடம். அதன் அட்சரேகை 11 டிகிரி, 55 நிமிடம், 30 விநாடி என்று வைத்துக்கொள்வோம். இதை மூன்று விதமாக எழுதும் வழக்கம் இருக்கிறது. டிகிரி, நிமிடம், விநாடி என்று தனித்தனியாக எழுதலாம். டிகிரியும், தசம புள்ளி வைத்த நிமிடமுமாக எழுதலாம். நிமிடமே இல்லாமல், டிகிரியைத் தசமத்தில் எழுதலாம். அறிவிப்பு ஒரு விதத்தில் வரும், படகிலுள்ள ஜி.பி.எஸ். கருவி இன்னொரு விதத்தில் காட்டும். கைப்பேசி மூன்றாவது விதத்தில் கேட்கும்.

இந்த வித்தியாசம் தெரியாதவர் என்ன செய்வார்? 55 நிமிடம் 30 விநாடியை 55.30 நிமிடம் என்று அடித்துவிடுவார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் 30 விநாடி என்பது அரை நிமிடம், 55.50 என்று அடித்திருக்க வேண்டும். ஒரு நிமிட அட்சரேகை ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். ஆகவே படகு போய் நிற்கும் இடம் சுமார் 370 மீட்டர் தள்ளிப்போகிறது. கடலடியில் ஒரு பாரைத் தேடிப் போகிறவருக்கு 370 மீட்டர் தப்பினால் அன்றைய டீசல் தண்டம்.

இதைவிடப் பெரிய தப்பும் உண்டு. 11 டிகிரி 55 நிமிடத்தை 11.55 டிகிரி என்று அடித்துவிட்டால் கதையே வேறு. 0.55 டிகிரி என்பது 33 நிமிடம்தான். 22 நிமிடம் குறைந்துபோகிறது. 22 கடல் மைல், அதாவது 40 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய்விடுகிறது. புதுச்சேரிக்கு நேர் கிழக்கே இருக்கவேண்டிய புள்ளி, கடலூரையும் தாண்டிப் பரங்கிப்பேட்டையை நெருங்கி நிற்கும்! மீன் தேடுகிற நாளில் இப்படி நடந்தால் நஷ்டம் பணத்தோடு போகும். இன்ஜின் பழுதாகி நடுக்கடலில் நிற்கிறவர், ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்று கரைக்குச் சொல்லும் எண் இப்படித் தப்பாகப் போனால்? தேடிப் போகிற படகு 40 கிலோமீட்டருக்கு அப்பால் தேடிக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் கையேட்டில் இல்லையா என்றால், இருக்கும். ‘அமைப்புகள்’ என்ற பகுதியில், ‘ஆயத்தொலை வடிவம்’ என்ற தலைப்பில், நான்கு வரியில் இருக்கும். அந்தத் தலைப்பைப் பார்த்து, ‘இது நமக்கு உயிர் போகிற விஷயம்’ என்று யாருக்குத் தோன்றும்? ஆனால் ஒருமுறை தப்பான இடத்தில் போய் நின்று திரும்பியவர் வாயால் கேட்டால் மறக்காது. ‘மாமா, மொதல்ல அந்தப் புள்ளி எங்க இருக்குன்னு பாரு. புள்ளி நம்பர் நடுவுல இருந்தா ஒரு கணக்கு, கடைசியில இருந்தா வேற கணக்கு. நான் ஒருதரம் ஏமாந்துட்டேன்’ என்று பக்கத்துப் படகுப் பையன் சொல்லும் இரண்டு வாக்கியம், நாற்பது பக்கக் கையேட்டைவிட ஆழமாகப் பதியும்.

இப்படிக் கரையில் கைமாறும் பாடங்கள் இன்னும் பல. மீன் கூடும் இடங்களைப் பற்றி ஐதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அறிவிப்பு வெளியிடுகிறது. கடல்நீரின் மேற்பரப்பு வெப்பத்தையும், நீரிலுள்ள பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்து அதைக் கணிக்கிறார்கள். கரையிலிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில், எத்தனை மீட்டர் ஆழத்தில் என்று வரும். மீனவரின் கணக்கு மீட்டரில் இல்லை. அவருக்கு ஆழம் என்றால் ‘பாகம்’. கையிரண்டையும் விரித்தால் எத்தனை நீளமோ அது ஒரு பாகம், ஏறக்குறைய 1.8 மீட்டர். 36 மீட்டர் என்றால் 20 பாகம் என்று மாற்றிச் சொல்லித்தர ஒருவர் வேண்டும். மேகம் மூடிய நாட்களில் செயற்கைக்கோளின் கண் மறைந்துவிடும், அறிவிப்பு வராது, அதற்காகச் செயலி கெட்டுப்போய்விட்டது என்று அழித்துவிடக்கூடாது என்பதையும் சொல்லித்தர வேண்டும். நீரோட்டம் அறிவிக்கப்பட்ட இடத்திலேயே மீனைக் கட்டிப்போட்டு வைத்திருக்காது. இது சொல்லாமலே மீனவருக்குத் தெரியும். ஆனால் செயலியை நம்பிக் கடலையே மறந்துவிடும் சின்னப் பையனுக்கு, பெரியவர் ஒருவர் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும்.

பார்க்கப்போனால் இதுதான் இந்தக் கல்வியின் விசேஷம். பையன் பெரியவருக்கு விரலைச் சொல்லித்தருகிறான். பெரியவர் பையனுக்குக் கடலைச் சொல்லித்தருகிறார். இருவரில் யார் ஆசிரியர், யார் மாணவர் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் முக்கியமானது. கரையிலிருந்து சில மைல் தூரம் போனதும் கைப்பேசிக்குச் ‘சிக்னல்’ போய்விடுகிறது. அதோடு ஜி.பி.எஸ்.ஸும் நின்றுவிட்டது என்று எண்ணி, கைப்பேசியை அணைத்து மடியில் செருகிவிடுகிறவர்கள் உண்டு. ஜி.பி.எஸ். நேராகச் செயற்கைக்கோளிலிருந்து வருவது. அதற்கும் கரையிலுள்ள கோபுரத்துக்கும் சம்பந்தமில்லை. தேவையான வரைபடத்தையும் முன்னறிவிப்பையும் கரையிலேயே இறக்கிக்கொண்டு கிளம்பினால், சிக்னல் இல்லாத இடத்திலும் படகு எங்கே நிற்கிறது என்பது தெரியும். இதைத் தெரிந்துகொண்டவர் இருட்டில் கரைக்குத் திரும்புகிறார். தெரியாதவர் விடியும்வரை காத்துக் கிடக்கிறார்.

புதுச்சேரி முன்பே கண்ட வழி

இந்த விஷயத்தில் புதுச்சேரி பிறருக்குப் பாடம் சொல்லும் தகுதி படைத்தது. 1998-ஆம் ஆண்டிலேயே, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் பகுதியில் ‘தகவல் கிராமம்’ என்ற முயற்சியைத் தொடங்கியது. கைப்பேசி என்பது பணக்காரர் வீட்டுப் பண்டமாக இருந்த காலம் அது. வில்லியனூரைத் தலைமை இடமாக வைத்து, எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் கம்ப்யூட்டர் வைத்தார்கள். இடத்தை ஊரே கொடுக்க வேண்டும்; அது எல்லாச் சாதியாரும் வந்துபோகக்கூடிய பொது இடமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எம்பலத்தில் கோயிலைச் சேர்ந்த இடத்திலேயே மையம் அமைந்தது.

அந்த மையங்களை நடத்தியவர்கள் யார்? பட்டணத்திலிருந்து வந்த எஞ்சினியர்கள் அல்லர். அந்தந்த ஊர்க்காரர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பள்ளிப் படிப்போடு நின்றவர்கள்கூட அதில் உண்டு. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் மாற்றி, கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள். கடலுக்குப் போகிறவர் படகைத் தள்ளும்போதே அதைக் காதில் வாங்கிக்கொண்டு போனார். கம்ப்யூட்டரைத் தொட்டே அறியாதவரும் கம்ப்யூட்டரின் பயனை அடைந்தார். ஓர் ஊரில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும், ஊருக்கே தெரிந்ததாகிவிடும் என்ற உண்மையை அந்த ஒலிபெருக்கி காட்டிவிட்டது.

அதன் பலன் 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வேறொரு மீனவ ஊரில் தெரிந்தது. நல்லவாட்டைச் சேர்ந்த ஓர் இளைஞர் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். அவர் முன்பு ஊரில் இருந்தபோது அறிவு மையத்தில் தொண்டராகப் பணியாற்றியவர். சுனாமிச் செய்தியைக் கேட்டதும் ஊருக்குப் போன் செய்தார். ஊரார் மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கொடுத்து எல்லோரையும் கரையைவிட்டு ஓடச் செய்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் தப்பின. ஒலிபெருக்கி இருந்ததால் மட்டும் நடந்த காரியமா இது? அல்ல. அதைத் தினந்தோறும் கையாண்டு பழகியவர்கள் ஊரில் இருந்தார்கள். அதில் வரும் செய்தி நம்பத்தக்கது என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காதுகளும் இருந்தன. கருவியைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால், அன்றைக்கு அதன் சுவிட்சு எங்கே இருக்கிறது என்று தேடவே நேரம் போயிருக்கும்.

இதே நிறுவனம் பிற்பாடு குவால்காம் கம்பெனியின் உதவியோடு ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’ என்ற கைப்பேசிச் செயலியை மீனவர்களுக்காகவே உருவாக்கியது. அலை, காற்று, மீன் கூடும் இடம் ஆகியவற்றோடு, சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும் வசதியும் அதில் சேர்ந்தது. காரைக்கால் மீனவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

இடம் ரகசியம், வித்தை பொது

‘மீனவர்கள் தொழில் ரகசியத்தை வெளியே விடமாட்டார்களே, ஒருவர் கற்றதை இன்னொருவருக்கு எப்படிச் சொல்வார்கள்?’ என்று ஒரு கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். நல்ல மீன் கிடைக்கும் பாரின் எண்ணைத் தந்தை மகனுக்குச் சொல்வார், மற்றவருக்குச் சொல்லமாட்டார். ஜி.பி.எஸ். வந்த பிறகு இந்தக் காவல் இன்னும் பலத்துவிட்டது. முன்பெல்லாம் ஓர் இடத்தைக் கண்டுபிடிக்க, கரையிலுள்ள கோபுரத்தையும் மரத்தையும் வரிசையில் பிடித்து நிற்கும் திறமை வேண்டும். அந்தத் திறமையைத் திருட முடியாது. இப்போது கருவிக்குள் இருக்கும் இரண்டு எண்ணைப் பார்த்துக்கொண்டால் போதும்! ஆகவே கருவியை உறைபோட்டு மூடுகிறார்கள்.

ஆனால் கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். எந்த இடம் என்பதுதான் ரகசியம். அந்த இடத்தை எப்படிக் குறிப்பது, எப்படித் திரும்பக் கண்டுபிடிப்பது, பேட்டரியை எப்படிச் சேமிப்பது என்பதெல்லாம் ரகசியம் அல்ல. அதைக் கேட்டால் தாராளமாகச் சொல்கிறார்கள். காரணமும் எளிதானது. நாளைக்கு நடுக்கடலில் இன்ஜின் நின்றால் கயிறு போட்டு இழுத்துவர வேண்டியவர் இந்தப் பக்கத்துப் படகுக்காரர்தான். அவருக்குக் கருவி தெரிந்திருப்பது தனக்கும் நல்லது.

கடற்கரையில் மட்டும் இப்படி என்று எண்ணிவிடக்கூடாது. ஜெராக்ஸ் என்றால் நகல் எடுப்பது என்றே பொருளாகிவிட்டது அல்லவா? அந்த ஜெராக்ஸ் கம்பெனியில் ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் இருந்தார். பழுது பார்க்கும் தொழிலாளிகளோடு கூடவே சுற்றி, அவர்கள் உண்மையில் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்தார். அவர் கண்டதை 1996-இல் புத்தகமாகவும் வெளியிட்டார். கம்பெனி கொடுத்த தடித்த கையேட்டுக்கு அடங்காத பழுதுகள் தினம் வந்தன. அவற்றைத் தொழிலாளிகள் தீர்த்தது, காலைச் சிற்றுண்டி மேசையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளால்! ‘அந்த மெஷின் ஒருநாள் இப்படிச் செய்தது, என்னென்னவோ பார்த்தேன், கடைசியில் பார்த்தால் இதுதான் காரணம்’ என்ற மாதிரியான கதைகள். மேலதிகாரிகளுக்கு அது வெட்டிப்பேச்சாகத் தெரிந்திருக்கும்.

பிறகு அதே கம்பெனியார், இந்தக் கதைகளைச் சேர்த்துவைக்க ‘யுரேகா’ என்ற ஏற்பாட்டை 1990-களில் செய்தார்கள். முதலில் நடைமுறைக்கு வந்தது பிரான்சு நாட்டில். ஒரு தொழிலாளி தான் கண்ட தீர்வை எழுதி அனுப்புவார்; அனுபவமுள்ள மற்றத் தொழிலாளிகள் அதைப் பரிசோதித்து ஒப்புக்கொள்வார்கள்; பிறகு எழுதியவர் பெயரோடு அது எல்லோருக்கும் போகும். இதில் கவனிக்கவேண்டியது பெயர் போட்டார்கள் என்பது. தன் பெயர் ஊரெல்லாம் தெரிகிறது என்றால் யாருக்குத்தான் சொல்ல ஆசை வராது?

அரைகுறைப் பாடத்தின் ஆபத்து

கேட்டுக் கற்பதில் குறையே இல்லை என்று வாதிடுவது சரியல்ல. சரியான பாடம் பரவுகிற அதே வேகத்தில் தப்பான பாடமும் பரவும். மேலே சொன்ன புள்ளிக் கணக்கையே தப்பாகப் புரிந்துகொண்ட ஒருவர் பத்துப் பேருக்குச் சொல்லித்தந்தால், பத்துப் படகும் பரங்கிப்பேட்டைக்குப் போகும். வாட்ஸ்அப்பில் வரும் குரல் செய்திகளின் கதி இதைவிட மோசம். போன வருஷத்துப் புயல் எச்சரிக்கை இந்த வருஷம் மறுபடி சுற்றுகிறது. நேற்றைய அறிவிப்பை இன்றைக்கு என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

கடலில் ஒரு நாள் பழைய செய்தி எத்தனை பொல்லாதது என்பதற்கு 2024-ஆம் ஆண்டின் ஃபெஞ்சல் புயலே சாட்சி. நவம்பர் 28-ஆம் தேதி, அது புயலாக மாறாது, தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்பது கணிப்பு. மறுநாள் 29-ஆம் தேதி நிலைமை மாறியது. அது புயலாகியே விட்டது. 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்து, போகாமல் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் பெய்த மழை 46 சென்டிமீட்டர்! கடலுக்குப் போகக்கூடாது என்ற எச்சரிக்கை முன்னரே இருந்ததால் படகுகள் கரையில் இருந்தன. ஆனால் 28-ஆம் தேதிச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, ‘புயல் இல்லையாம்’ என்று படகையும் வலையையும் மேட்டுக்கு ஏற்றாமல் ஒருவர் இருந்திருந்தால், அவர் செயலியைக் குறை சொல்லிப் பயன் இல்லை. செய்தியின் தேதியையும் மணியையும் முதலில் பார்க்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அதுதான் குறை.

ஆகவே ஏடும் வேண்டும். அதைப் படித்துச் சரிபார்த்துச் சொல்லும் ஆளும் ஊருக்குள்ளேயே வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உண்மைதான். விதை எது என்று தெரியாமல் தோட்டத்தில் தூவினால் பேய்ச்சுரையும் முளைக்கும் அல்லவா?

ஒருநாள் முகாம் போதுமா?

இப்போது சர்க்கார் செலவில் பெரிய காரியம் ஒன்று நடக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஓகிப் புயல் குமரிக் கடலில் அடித்தபோது, ஆழ்கடலில் இருந்த படகுகளுக்குச் செய்தி எட்டவில்லை. கைப்பேசியின் எல்லைக்கு அப்பால் அவர்கள் இருந்தார்கள். அந்தக் கொடுமைக்குப் பின், செயற்கைக்கோள் வழியாகப் படகுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் வந்தன. 2019 அக்டோபரில் ‘ஜெமினி’ என்ற கருவி வந்தது. அது செய்தியை வாங்கிக் கைப்பேசிக்குக் கொடுக்கும். படகிலிருந்து பதில் சொல்ல வழியில்லை. அடுத்தபடியாக, இருபுறமும் செய்தி போகக்கூடிய ‘டிரான்ஸ்பாண்டர்’ கருவியை இஸ்ரோ உருவாக்கியது. அதோடு ‘நப்மித்ரா’ என்ற செயலியும் சேர்ந்தது. நாடு முழுவதும் ஒரு லட்சம் படகுகளில் சுமார் 364 கோடி ரூபாய்ச் செலவில் இதைப் பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் 2024 ஆகஸ்டு 30-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கி வைத்தார்.

நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஆனால் கருவியைப் பொருத்துவது ஒன்று, அது கைக்குப் பழகுவது வேறு. இம்மாதிரிக் கருவிகள் கொடுக்கப்படும்போது வழக்கமாக என்ன நடக்கிறது? ஒருநாள் முகாம். மேடை, வரவேற்பு, பொன்னாடை. அதிகாரி அரைமணி நேரம் திரையில் படம் காட்டுவார். ‘சந்தேகம் உண்டா?’ என்று கேட்பார். எவருக்கும் இருக்காது. எப்படி இருக்கும்? கருவியைத் தொட்டே பாராதவருக்குச் சந்தேகம் வராது. சந்தேகம் வருவது பத்தாம் நாள், கடலில், கை ஈரமாக இருக்கும்போது. அன்றைக்கு அதிகாரி இல்லை; அடுத்த படகுக்காரர்தான் இருக்கிறார்.

அந்த அடுத்த படகுக்காரரைத் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு மீனவ ஊரிலும், ஊர்ப் பஞ்சாயத்தார் தேர்ந்தெடுக்கும் இருவருக்காவது முழுப் பயிற்சி கொடுக்கலாம்: கடலுக்குப் போகிற அனுபவஸ்தர் ஒருவர், கரையில் இருக்கிற படித்த பெண் ஒருவர். அவர்களுக்குச் சிறிய தொகையாவது சம்பளமாகக் கொடுக்கவேண்டும். ‘சேவை மனப்பான்மை’ என்று சொல்லி ஏழைகளிடமே எப்போதும் இலவசமாக வேலை வாங்குவது அழகல்ல. ஒரு கருவிக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அந்தச் சம்பளம் ஒரு பொருட்டே அல்ல.

பெண் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. கரையில் மீனை ஏலம் கேட்பதும், கூடையில் வைத்து விற்பதும், கடன் கணக்கு வைப்பதும் பெண்கள். படகு திரும்பாத இரவில் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களும் அவர்களே. படகிலிருந்து வரும் செய்தியைப் படிக்கவும், வந்த எண்ணைச் சரியாகக் கடலோரக் காவல் படைக்குச் சொல்லவும் அவர்களுக்குத் தெரியவேண்டாமா? 1998-இல் மையங்களை நடத்திக் காட்டிய பெண்களின் ஊர்கள் இந்தப் புதுச்சேரியில்தான் இருக்கின்றன.

அதோடு, கரையில் கிடைத்த அனுபவம் செயலியைச் செய்தவரிடம் திரும்பிப் போகவும் ஒரு வழி வேண்டும். ‘அலை ஒரு மீட்டர் என்று சொன்னது; போய்ப் பார்த்தால் இரண்டு மீட்டர்’ என்று ஒருவர் சொன்னால், அதை இப்போது யார் குறித்துக்கொள்கிறார்கள்? ‘எழுத்து சின்னதாக இருக்கிறது, வெயிலில் திரையே தெரியவில்லை, ஈர விரலுக்குப் பொத்தான் மசியவில்லை’ என்று சொன்னால் அது எங்கே போய்ச் சேருகிறது? குளிர்சாதன அறையில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறவர் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் கச்சான் காற்றில் படகு ஆடும்போது, ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதை அமுக்கிப் பார்த்தவர் அவர் அல்லர். பிரான்சில் பழுது பார்ப்பவர் சொன்னதைப் பெயர் போட்டுப் பதிந்தார்கள் என்றால், ‘இந்த யோசனை கனகசெட்டிக்குளத்து மீனவர் சொன்னது’ என்று செயலியில் ஒரு வரி வரக்கூடாதா?

காலமும் தோதாக இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப் படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக விடப்பட்ட தடைக்காலம். கட்டுமரம் போன்ற நாட்டுப் படகுகளுக்கு மட்டும் விலக்கு. அந்த இரண்டு மாதமும் கரையில் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். வலை பின்னும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து கிழிசலைத் தைப்பார்கள். கை வேலையில் இருக்கும். வாய்க்கும் காதுக்கும் ஓய்வு இருக்கும். மேடையும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். பயிற்சி பெற்ற அந்த இருவரும் கைப்பேசியோடும் கருவியோடும் அந்தக் கூடத்தில் வந்து உட்காரட்டும். போன வருஷம் எந்த எண் தப்பாகப் போனது, யார் படகு எங்கே போய் நின்றது என்று பேச்சை ஆரம்பித்தால் போதும். மீதியை அங்கே இருக்கிறவர்களே சொல்வார்கள்.